நின்றுகொண்டிருந்த வண்டி

“நியூட்ரல்ல போடுடா! டேய், நியூட்ரல்ல போடு!” என்று பத்து கீழேயிருந்து கத்தினான்.

மச்சினனுக்குக் கால் எது, கியர் எது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தான். இன்ஜின் அணைந்திருந்தாலும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. செயின் அரைப்பல் அளவுக்கு நகர்ந்தது. இந்தத் தடவை பத்துவின் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

அவன் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். கன்னம் டயரில் ஒட்டியிருந்தது. வலது கை வண்டிக்குக் கீழே, செயின் பின்சக்கரத்தின் பற்களில் ஏறுகிற இடத்தில் இருந்தது. ஆள்காட்டி விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவே பாதி வரைக்கும் போயிருந்தது. நடுவிரலின் நுனியும் கூடவே போயிருந்தது.

மேல்வீட்டு டிரைவர் முகத்தில் சோப்பு நுரையோடு படியிறங்கி ஓடிவந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னம் மழிக்கவில்லை. வந்த வேகத்தில் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். முன்பக்கமாகச் சுற்றிவிட்டார். எலும்பு உடைகிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

“முன்னால இல்லய்யா! பின்னால! பின்னால!” என்று பத்து அலறினான்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பத்துவின் மனைவி வந்தாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஈரக்கையால் தம்பியை நெஞ்சில் தள்ளினாள். அவன் சுவரில் போய் மோதினான். கியரைத் தன் குதிகாலால் தட்டி விடுவித்தாள், டயரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னுக்குச் சுற்றினாள். கை வெளியே வந்தது, விரல் முழுசாக வரவில்லை. செயின் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெய்த் தட்டில் என்னவோ விழுந்தது. அவள் குனிந்து கறுப்பு எண்ணெய்க்குள் கைவிட்டுத் துழாவி அதை எடுத்தாள். முந்தானையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

பத்து எழுந்து நின்றான். இடது கையால் தரையிலிருந்த ஸ்பானரை எடுத்தான்.

“மாமா, நீங்கதானே—”

முதல் அடி கண்ணுக்கு மேலே விழுந்தது. இரண்டாவது அடியைப் பேசிக்கொண்டிருந்த வாயில் வைத்தான். மூன்றாவது அடிக்கு டிரைவர் குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சோப்பு நுரை பத்துவின் சட்டையெல்லாம் ஒட்டியது.

பத்துவைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. வேலை பார்ப்பது பவர் பிரஸ் பட்டறையில். தகட்டை அடித்துக் கதவுக் கீல் செய்கிற இடம். மேலிருந்து இறங்கும் இரும்புக்கு இருபத்தைந்து டன் பாரம். கீழே இருப்பது தகடா கையா என்று அது பார்ப்பதில்லை. அங்கே பழைய ஆட்கள் பதினேழு பேர். பதினாறு பேருக்கு எங்கேயாவது ஒரு கணுவோ ஒரு விரலோ குறைந்திருக்கும். டீ டம்ளரைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்தே யார் எந்த மெஷினில் நின்றவன் என்று சொல்லிவிடலாம். பத்து விரலும் முழுசாக மிச்சமிருந்த ஒருவனைப் பத்து என்றார்கள். இருபத்திரண்டு வருடமாக அவன் பத்து. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் முதலாளி முதலில் அவனைத்தான் கூப்பிடுவார். “பத்து, கையக் காட்டு” என்பார். கத்திமுனையில் நிற்பவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். அதிகாரிகள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் பக்கத்து மெஷினில் ஒருவனுக்கு ஒரே அடியில் நாலு விரல் போயிற்று. கீல்கள் விழுகிற பெட்டியில் கீல்களோடு விரல்களும் கிடந்தன. அன்றைக்குப் பெட்டியைக் கொட்டிப் பொறுக்கியது பத்துதான். அதன் பிறகு அவன் தன் மெஷினுக்கு ஒரு முறையை ஏற்படுத்தினான். பெரிய மெஷினுக்கு இரண்டு ஆள். ஒருவன் தகட்டை உள்ளே வைப்பான், ஒருவன் பெடலை மிதிப்பான். மிதிக்கிறவன் “கை!” என்று கத்த வேண்டும். வைக்கிறவன் கையை எடுத்துவிட்டு “வெளியே!” என்று கத்த வேண்டும். அதற்கப்புறம்தான் மிதி. ஒரு ஷிஃப்டுக்கு இரண்டாயிரம் தடவை. கை, வெளியே. கை, வெளியே. கல்யாணமான புதிதில் அவன் தூக்கத்தில் “வெளியே!” என்று கத்தியதும் மனைவி தன்னைத்தான் சொல்கிறான் என்று எழுந்து வாசலில் போய் நின்றிருக்கிறாள்.

முறையை வைத்ததோடு விடவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு, அறுந்த மெஷின் பெல்ட்டில் ஒரு முழத் துண்டு எடுத்து ஆணியில் மாட்டினான். கேட்காமல் மிதித்தவனுக்கு முதுகில் ஒன்று. கையை எடுக்காமல் பதில் சொன்னவனுக்கு இரண்டு. “பதில் சொல்றது வாய் இல்லடா, கை. கை சொல்லணும், அப்புறம்தான் வாய்” என்பான். ஒருவனுக்கு அடி காதில் பட்டுச் சீழ் வைத்தது. ஒருவன் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனான். ஆனால் அந்த ஆறு வருடமாக அவன் பக்கத்து மெஷின்களில் யாருக்கும் எதுவும் போகவில்லை. “அவன் அடிக்கிறது எனக்கு இன்ஷூரன்ஸ் மாதிரி” என்று முதலாளி சொல்லிச் சிரிப்பார். பின்பக்கம் புதுக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் நாலு மெஷின் வருகிறது. அதற்கு ஃபோர்மேன் பத்து என்று எல்லோருக்கும் தெரியும்.

மச்சினன் வந்து நாலு வருடம். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டு முன்னறையில் ஒரு பாயும் ஒரு பெட்டியுமாகத் தங்கிவிட்டான். பத்துதான் பட்டறையில் சேர்த்துவிட்டான். பத்து தகடு வைப்பான், மச்சினன் மிதிப்பான். மோட்டார் சைக்கிள் வாங்கியதும் மச்சினனின் யோசனைதான். ஓட்டுவது அவன், பின்னால் உட்கார்ந்து “மெதுவா போடா, கொல்லப் பாக்குறியா” என்று முதுகில் குத்திக்கொண்டே வருவது பத்து. அவனுக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றான். ஓடுகிற வண்டியில்தான் விரல் போகும், கால் போகும், உயிர் போகும் என்பது அவன் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயினில் ஒரு கண்ணி இறுகி டக் டக்கென்று அடித்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். மச்சினன் ஹேண்டில் பக்கம் நின்று இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டான். விட்டால் சக்கரம் சுற்றும், பிடித்தால் நிற்கும். பத்து கீழே படுத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தான். மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கை தெரியாது, வண்டியின் பக்கவாட்டுப் பெட்டி மறைத்தது. அதனால் மச்சினன் பட்டறையில் கேட்பது மாதிரியே கேட்டான்.

“கை!”

“வெளியே!”

சக்கரம் நாலு சுற்றுச் சுற்றி நின்றது. ஐந்து தடவை இப்படி நடந்தது. ஐந்து தடவையும் கை வெளியே வந்தது, அப்புறம் வாய் சொன்னது. ஆறாவது தடவை இறுகின கண்ணி அகப்பட்டுவிட்டது. பத்து அதை விரலால் அசைத்துக்கொண்டிருந்தான். புத்தி முழுக்க விரல் நுனியில் இருந்தது.

“கை!”

“வெளியே!”

கை உள்ளேதான் இருந்தது.

இது அவனுக்குத் தெரியும். டயரில் கன்னம் ஒட்டிக் கிடந்தபோதே தெரியும். மச்சினன் வாயில் ஸ்பானரால் அடித்தபோது நன்றாகவே தெரியும்.

ஆஸ்பத்திரியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவர் தலையைத் தூக்கவில்லை.

“வண்டியா?”

“ஆமா.”

“விழுந்தியா, மோதினியா?”

“ரெண்டும் இல்ல. வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு.”

“நின்ன வண்டியில ஏறி நின்னியா?”

“ஏறலைங்க. கீழே படுத்திருந்தேன்.”

எழுதுகிறவர் இப்போது நிமிர்ந்தார். “நானும் இருபது வருஷமா எழுதறேன். குடிச்சுட்டு அடிச்சுக்கிட்டவன் எல்லாம் வண்டியிலருந்து விழுந்தேன்னுதான் சொல்வான். நீ என்னடான்னா நிக்கிற வண்டி கடிச்சுதுங்கிற. எப்படிய்யா கடிக்கும்?”

மனைவி பக்கத்தில் நின்றாள். மூடிய உள்ளங்கையை அவள் இன்னும் திறக்கவில்லை. பத்து அவளைப் பார்க்காமல் சொன்னான்.

“என் மச்சினன். சொல்லாம கொள்ளாம கிளட்ச விட்டுட்டான்.”

“வேணும்னா?”

“கவனம் இல்லாம.”

“போலீசுக்குச் சொல்லட்டுமா?”

“வேணாம்.”

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். பின்னால் ஒரு கண் வீங்கி மூடிப்போய், உதடு கிழிந்து மச்சினன் நின்றான்.

“நீ யாரு, உனக்கு என்ன?”

“வண்டியிலருந்து விழுந்துட்டேன்.”

“அதே வண்டியா?”

“ஆமாங்க.”

“கீழ படுத்தவனுக்கு விரல் போச்சு, நின்ன வண்டியிலருந்து நீ விழுந்துட்டே. நல்ல வண்டிய்யா. எங்கிட்ட வித்துடாதீங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சினனும் உதடு கிழிந்த வாயால் சிரிக்கப் பார்த்தான். அவன் அந்தப் பொய்யைச் சொன்னது யாருக்காக என்று பத்துவுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது.

டாக்டர் துண்டு விரலைப் பார்த்தார். மனைவி அப்போதுதான் கையைத் திறந்தாள். “நசுங்கிப் போச்சும்மா. மண்ணெண்ணெயில வேற ஊறியிருக்கு. ஒட்டாது.” ஊசி போட்டார்கள். மரத்துப்போகும்வரை காத்திருக்க நேரமில்லை, வெளியே கூட்டம். நீட்டிக்கொண்டிருந்த எலும்பை நறுக்கும்போது பத்து கட்டுப் போடுகிறவரை வயிற்றில் உதைத்தான். அவர் ஸ்டூலோடு விழுந்தார். எழுந்து வந்து பத்துவின் முழங்காலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இன்னும் இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். அவன் மச்சினனைத் திட்டினான். மச்சினனைப் பெற்றவர்களைத் திட்டினான். அவர்கள் தன் மனைவியையும் பெற்றவர்கள் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. கதவுக்கு வெளியே நின்ற அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

ஆள்காட்டி விரலில் ஒரு கணு மிஞ்சியது. நடுவிரலை இப்போதைக்குத் தைத்து வைத்திருக்கிறோம், பார்க்கலாம் என்றார்கள்.

நடைவழியில் மச்சினன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“சத்தியமாக்கா. நான் கேட்டேன். அவரு வெளியேன்னாரு. அப்புறம்தான் விட்டேன்.”

“பொய்” என்றான் பத்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்தபடி. “இவன் கேக்கவே இல்ல.”

“மாமா, மனசத் தொட்டுச் சொல்லுங்க.”

“கேட்டிருந்தா நான் கைய உள்ள வச்சுக்கிட்டு வெளியேன்னு சொல்வேனா? நான்? டேய், அந்த முறைய வச்சவனே நான்டா!”

அவள் ஒரு காலிலிருந்து செருப்பைக் கழற்றித் தம்பியை அடித்தாள். தலையில், தோளில், மறைத்த கையில். “உனக்கு சோறு போட்டதுக்கு இதுவாடா? இதுவா?” அவன் ஓடவில்லை. அடி தீரும்வரை நின்றான். “இனிமே என் வீட்டுப் பக்கம் வந்தே, கால ஒடிச்சிடுவேன்” என்று அவள் மூச்சிரைத்தபோது, தரையில் விழுந்த செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்துவிட்டு நடந்து போனான்.

மூன்று மணிக்கு முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“இருபத்திரண்டு வருஷம் மெஷின் தொடாத விரல, வீட்ல வச்சு வாங்கிட்டானே பாவி. நீ கவலைப்படாத. நாளைக்குக் காலையில அவன் கணக்க முடிச்சு வெளியே அனுப்பிடறேன். நீ வந்து நில்லு, உன் கண்ணு முன்னாலயே அனுப்பறேன். மத்தவனுங்களுக்கும் ஒரு பயம் இருக்கும்.”

“ஃபோர்மேன்...” என்று இழுத்தான் பத்து.

“அதுக்கென்ன? தப்பு உன்னுதா இருந்தாத்தானே? விரல் போனாலும் முறை போகலையே. நீதான் ஃபோர்மேன்.”

பத்து சரி என்று தலையாட்டினான். விரல் இருந்த இடத்தில் யாரோ சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருப்பது போலிருந்தது.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது டிரைவர் படியில் நின்றார். மழிக்காத கன்னம் அப்படியே இருந்தது. பத்து உள்ளே போனான். டிரைவர் அவன் மனைவியை நிறுத்தினார்.

“தங்கச்சி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது.”

“சொல்லுங்கண்ணே.”

“மேல ஜன்னல்ல கண்ணாடி மாட்டிக்கிட்டு ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தேன். இவங்க ரெண்டு பேரும் கை, வெளியே, கை, வெளியேன்னு கத்திக்கிட்டிருந்தாங்க. லீவு நாள்லயும் பட்டறையா, விளங்குனாப்லதான்னு சிரிச்சுக்கிட்டேன். கடைசித் தடவையும் ரெண்டும் கேட்டுது. மொதல்ல உன் தம்பி. அப்புறம் இவரு. அப்புறம்தான் அலறல்.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“ஊருக்கே கேட்டிருக்கும், தங்கச்சி. நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன். குடும்பத்துக்குள்ள நான் வரலை.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தாள்.

சமையலறையில் பத்து முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். இடது கையில் டம்ளரைப் பிடித்துக் குடத்தில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தான். பழக்கமில்லாத கை, டம்ளர் குடத்தின் கழுத்தில் இடித்தது. அவள் வாசற்படியில் நின்று தம்பியின் கட்டைக்குரலில் கத்தினாள்.

“கை!”

“வெளியே!” என்றான் பத்து.



“இப்பக் கை எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான். இடது கை மணிக்கட்டு வரை குடத்துக்குள் இருந்தது.

வெளியே எடுத்தான். அதை எடுப்பதற்குள் மற்றொரு கை கிளம்பிவிட்டது. எந்தக் கை என்று யோசிக்காமல் அவள் வாயில் அறைந்தான். வலது கை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். கட்டுத்துணியில் சிவப்பு ஒரு நாணயமளவுக்கு வந்து, பிறகு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. அவள் கீழே விழுந்த டம்ளரை எடுத்து அவன் காதோடு சேர்த்து ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். பதினாலு வருடக் கல்யாணத்தில் அவள் அவன்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவது அடியில் டம்ளர் நசுங்கிவிட்டது. அதைத் தூர எறிந்தாள்.

“செருப்பால அடிச்சேனே அவன. உன் பேச்சக் கேட்டு செருப்பால அடிச்சேனே!”

“வாய மூடு.”

“நாளைக்கு உன் முதலாளிகிட்ட சொல்லுவியா, மாட்டியா?”

அவன் சுவரில் சாய்ந்து காதைப் பொத்திக்கொண்டான்.

“சொன்னா, நான் அடிச்ச அடி எல்லாம் என்ன ஆகுறது? எத்தன பேர அடிச்சிருக்கேன் தெரியுமா? இதே தப்புக்கு. இதே, கைய உள்ள வச்சுக்கிட்டு வாயால சொன்ன தப்புக்கு.”

“அது உன் பாடு. அவன் என் தம்பி.”

அவன் அவளை இடித்துத் தள்ளிவிட்டு முற்றத்துக்குப் போனான். வண்டி காலையில் விட்ட இடத்திலேயே நடு ஸ்டாண்டில் நின்றது. செயினில் ஈ மொய்த்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண்மண் தெரியவில்லை. டேங்கில் உதைத்தான். ஹேண்டிலை இடது கையால் பிடித்து உலுக்கினான். “நிக்கிறியாடா, நிக்கிறியா” என்று கேட்டுக்கொண்டே சீட்டில் தோளால் மோதினான். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது, யோசித்தது போல ஒரு கணம் நின்றது. ஸ்டாண்டு மடங்கியது. திரும்பி அவன் பக்கமே விழுந்தது.

விலகத்தான் பார்த்தான். வலது காலுக்கு நேரமில்லை. கிக்கர் கெண்டைக்காலில் இறங்கியது. பாரம் முழுக்கத் தொடைமேல். டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் அவன் வயிற்றில் வழிந்தது. வலது கையை ஊன்ற முடியாது, இடது கைக்கு வண்டி அசையவில்லை.

“தூக்குங்கய்யா! யாராவது தூக்குங்க!”

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். இறங்கி வந்தார். கடைசிப் படியில் மனைவி கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

“இருங்கண்ணே.”

அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உதட்டிலிருந்து வந்த ரத்தத்தைத் துப்பினாள். முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“யாரு சொன்னது?”

“தூக்குடி. கால் போகுது.”

“யாரு சொன்னது, வெளியேன்னு?”

அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். அவள் எழுந்து, வண்டியின் சீட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவன் உடம்பு தரையிலிருந்து வில்லாக எழும்பி விழுந்தது.

“நான். நான்தான் சொன்னேன்.”

“சத்தமா.”

“நான்தான்டி சொன்னேன்! கை உள்ள இருந்துச்சு, நான்தான் வெளியேன்னு சொன்னேன்!”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேலே இன்னொரு ஜன்னல் திறந்தது. டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “போதும் தங்கச்சி, பெட்ரோல் வேற கொட்டுது” என்றார். இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கினார்கள். கிக்கரைக் காலிலிருந்து எடுக்கும்போது அவன் மறுபடி கத்தினான். அவள் துணியைக் கிழித்துக் கட்டினாள், இறுக்கமாக, தேவைக்கு மேலேயே இறுக்கமாக.

மறுநாள் ஏழே முக்காலுக்குப் பத்து பட்டறைக்குப் போனான். பஸ்ஸில் போனான், நொண்டிக்கொண்டு. மனைவி பட்டறை வாசல் வரை கூட வந்தாள். முதலாளி மச்சினனைக் கூப்பிட ஆள் அனுப்பப் போனார். பத்து வேண்டாம் என்றான். மெஷின்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நடந்ததைச் சொன்னான். முதலாளி கொஞ்ச நேரம் கதவுக் கீல் ஒன்றைக் கையில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு மச்சினன் வேலையில் இருக்கட்டும் என்றார். புதுக் கூடத்துக்கு வெளியிலிருந்து ஆள் பார்க்கிறேன் என்றார். பத்து, கை ஆறும்வரை, கழிவுத் தகடு பிரிக்கிற இடத்தில் உட்காரலாம், அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஏழாம் நம்பர் மெஷின்காரன் பக்கத்தில் வந்தான். போன வருடம் அவன் முதுகில் பெல்ட் விழுந்து மூன்று நாள் படுக்க முடியவில்லை. “அப்ப என்னை எதுக்கு அண்ணே அடிச்சீங்க?” என்று கேட்டான். கேட்டுவிட்டுப் பத்துவின் கன்னத்தில் ஒன்று கொடுத்தான். யாரும் தடுக்கவில்லை. முதலாளி ஆபீஸுக்குள் போய்விட்டார். அடித்தவன் தன் மெஷினுக்குப் போய் சுவிட்சைப் போட்டான்.

மச்சினன் எட்டரைக்கு வந்தான். ஒரு கண் திறக்கவில்லை. நடந்ததை அவனுக்கு யாரோ சொன்னார்கள். அவன் பத்து இருந்த பக்கம் வரவில்லை. வேறொருவன் தகடு வைத்தான், அவன் மிதித்தான். மத்தியானம் பத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். வயிற்றில் உதை வாங்கியவர்தான் கட்டுப் பிரித்தார். நேற்று போட்ட தையலில் இரண்டு விட்டுப்போயிருந்தது. எப்படி என்று கேட்டார். கதவில் இடித்துக்கொண்டேன் என்றான். காலில் நாலு தையல் போட்டார்கள். நடுவிரல் நுனி கறுத்திருந்தது.

சாயங்காலம் மச்சினன் பெட்டியை எடுக்க வீட்டுக்கு வந்தான். பட்டறை ஆட்கள் இரண்டு பேரோடு அறை பார்த்துவிட்டதாகச் சொன்னான். அக்கா அவன் முன்னால் நின்று அழுதாள். அவன் பரவாயில்லக்கா என்றான். பத்து இங்கேயே இரு என்றான். “வேணாம் மாமா” என்றான் அவன். கொடியில் காயாமல் கிடந்த ஒரு சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டான். வண்டிச் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனான்.

நடுவிரல் நுனியை எடுப்பதா என்று பார்க்க வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.